காடி பெற்ற ஈயக் குண்டு

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு முனையில், புலாய் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்துக் கெலாங் பாத்தா என்னும் ஊர் உள்ளது. மலாய் மொழியில் ‘கெலாங்’ என்பது வளையலைக் குறிக்கும். ‘பாத்தா’ என்பது முறிந்தது என்று பொருள்படும். முறிந்த வளையல் என்னும் பெயர் தாங்கிய இவ்வூரைச் சார்ந்த கம்போங் பெண்டாஸ் முதலிய கடலோரக் குடியிருப்புகளில் மீன்பிடித்தல் நெடுங்காலத் தொழிலாகும். 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதனையடுத்துத் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகமும் எழுந்தது. ஊரின் முகம் மாறிற்று. ஆயினும் வலையும் தூண்டிலும் அடியோடு மறைந்துவிடவில்லை.

வலை நீருள் தாழ்வதற்கு எடை வேண்டும். அவ்வெடைக்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வருவது ஈயம். தூண்டில் நூலிலும் வலையின் விளிம்பிலும் கட்டும் ஈயத்தை மலாய்க்காரர் ‘பத்து லாடுங்’ என்பர். சிறிய ஈயமணியின் பிளவில் நூலை நுழைத்துக் குறட்டால் ஓர் அமுக்கு அமுக்கினால் மணி நூலைக் கவ்விக்கொள்ளும். குறடு கைக்கு எட்டாதபோது பல்லால் கடித்து இறுக்குவோரும் பல நாடுகளில் உண்டு. நெருப்பில்லை, உலையில்லை, வெறும் அழுத்தத்தினாலேயே ஓர் உலோகம் வேண்டிய வடிவத்தைப் பெற்றுவிடுகிறது.

மீனவன் விரலிடுக்கில் நிகழும் இச்சிறு செயலே, பெரிய அளவில், துப்பாக்கிக் குண்டு செய்யும் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. அக்குண்டின் இடுப்பில் ஓடும் மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கவேண்டுமா வேண்டாவா, அதில் இடும் பசை எங்கே இருக்கவேண்டும் என்னும் வினா, ஒரு காலத்தில் இந்திய வரலாற்றையே தொட்டுச் சென்றது.

கரியதும் வெளியதும்

தமிழில் ‘ஈயம்’ என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஒன்று காரீயம், மற்றொன்று வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்கு உள்ளே பூசும் ஈயமும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. வலைமணியும் துப்பாக்கிக் குண்டும் காரீயத்தால் ஆனவை. பெயர் ஒன்றாயிருப்பினும் இயல்பு வேறு. வெள்ளீயம் சமையற் கலத்திற்கு உரியது, காரீயமோ நஞ்சு.

நிறத்தைக் கொண்டு பிரித்துப் பெயரிடும் இம்முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் ‘தீமா’ என்பது வெள்ளீயம். ‘தீமா ஹீத்தாம்’, அதாவது கறுப்புத் தீமா என்பது காரீயம். பண்டை உரோமர் இவ்விரண்டையும் கறுப்புப் புளும்பம், வெள்ளைப் புளும்பம் என்று வழங்கினர். ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று மொழிகள் ஒரே வகையில் எண்ணியிருப்பது சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் ஆசிரியர்க்குச் சுவை பயக்கும்.

காரீயத்தின் எடை, அதே அளவு நீரின் எடையைப்போல் 11 மடங்குக்கு மேற்பட்டது. அது 327 பாகை செல்சியசு வெப்பத்திலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். மூன்றாவதான இயல்பு யாதெனின், அது தட்டத் தட்டக் கடினப்படுவதில்லை. செம்பையோ பித்தளையையோ தட்டினால் அது இறுகிப்போகும். ஆகவேதான் கன்னான் இடையிடையே அதனை நெருப்பில் காட்டிப் பதப்படுத்துகிறான். உலோகத்தின் உள்ளே உள்ள நுண்படிகங்கள் தட்டும்போது சிதைந்து இறுகுகின்றன. வெப்பம் அவற்றைப் புதுப்பிக்கிறது. காரீயத்திற்கோ அறையின் இயல்பான வெப்பமே அப்புதுப்பித்தலுக்குப் போதுமானது. எத்தனை முறை அழுத்தினும் அது மீண்டும் மென்மையாகவே நிற்கும். குண்டு செய்யும் தொழிலுக்கு இதனினும் ஏற்ற உலோகம் அமைவது அரிது.

காடி எதற்கு?

தச்சர் பலகையில் வெட்டும் நீண்ட பள்ளத்திற்குக் ‘காடி’ என்று பெயர். குண்டின் இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தையும் அப்பெயராலேயே குறிக்கலாம்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது; குண்டோ உருண்டை. அது நேராகச் செல்வது தற்செயலே. குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோலச் சுரி வெட்டினால் குண்டு பம்பரம்போல் சுழன்று சென்று குறியை எய்தும். ரைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கி இதுவே. ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அக்காலத்துத் துப்பாக்கிக்கு வாய் வழியாகவே மருந்தும் குண்டும் இடவேண்டும். குண்டு எளிதில் உட்செல்ல வேண்டுமாயின் அது குழலினும் சிறிதாயிருக்க வேண்டும். சுரியைப் பற்றிச் சுழல வேண்டுமாயின் குழலை நிறைத்து நிற்க வேண்டும். ஒரே குண்டு சிறிதாகவும் பெரிதாகவும் இருப்பது எங்ஙனம்?

இப்புதிருக்கு 1849இல் விடை கண்டவர் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே. அவர் குண்டை நீள்வடிவாக்கி, அதன் அடியைக் குழிவாக அமைத்தார். மருந்து வெடிக்கும்போது அதன் அழுத்தம் மென்மையான ஈயத்தின் அடிப்பகுதியை விரியச் செய்து சுரியோடு பொருத்தும். உட்செல்லும்போது சிறிது, வெளிவரும்போது பெரிது. மென்மையே இங்கு வலிமையாயிற்று.

மினியேயின் குண்டில் காடிகள் இருந்தன. அவற்றை முதலிற் புகுத்திய தமிசியே என்னும் மற்றொரு பிரெஞ்சுப் படைத்தலைவர், அம்பின் இறகுபோல அவை குண்டைக் காற்றில் நிலைப்படுத்தும் என்று கருதினார். நாளடைவில் காடிக்கு வேறொரு பயன் முதன்மை பெற்றது. அக்காலத்துக் கரிமருந்து எரிந்தால், அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்பொருளாக மாறும்; அதில் ஒரு பங்கு குழலில் படியும். சில முறை சுட்டதும் குழல் அடைத்துக்கொள்ளும். கொழுப்போ மெழுகோ கலந்தால் அப்படிவு இளகும். ஈயம் குழலில் ஒட்டுவதும் குறையும். அப்பசையைத் தாங்கி நிற்கும் சிறு களஞ்சியமே காடி. ஒன்றை எண்ணி வெட்டிய பள்ளம் மற்றொன்றிற்குப் பயன்பட்டது.

வார்த்தலும் அழுத்தலும்

குண்டு செய்யப் பழைய முறை வார்ப்பு. குறடு போன்ற இருபாதி அச்சினுள் உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியபின் திறந்தால் குண்டு விழும். அச்சின் உட்புறத்தில் வரம்பு இருந்தால் குண்டில் காடி தானே அமைந்துவிடும். பாதிகள் பக்கவாட்டில் விலகுவதால் குண்டு தடையின்றி வெளிவரும்.

வார்ப்பின் குறை வேறு. உருகிய ஈயம் உறையும்போது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுருங்கும். சுருங்குமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் உள்ளே தங்கிவிடலாம். அது நடுவில் அமையாமல் ஒருபுறம் சாய்ந்திருந்தால், சுழலும் குண்டு ஒருபக்கம் தேய்ந்த பம்பரம்போல் தள்ளாடும். ஊற்றுவாயில் எஞ்சும் ஈயத்தை நறுக்கிய வடுவும் இருக்கும். இலட்சக்கணக்கில் குண்டு வேண்டிய படைகளுக்கு இம்முறை மெதுவானதாகவும் சீரற்றதாகவும் தோன்றியதில் வியப்பில்லை.

இதற்கு மாற்றாக வந்தது அச்சழுத்தம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனை அடுத்த உல்விச்சுப் படைக்கலச் சாலையில் இம்முறை பெரிய அளவில் நிறுவப்பட்டது. இதன் படிகளைத் தமிழ்நாட்டு அடுக்களையைக் கொண்டே விளக்கலாம்.

முதற்படி முறுக்கு நாழி போன்றது. நாழியில் மாவை இட்டு மேலிருந்து அமுக்கினால் கண் வழியே மாவு கயிறாக இறங்குவதுபோல், வலிய நீரழுத்தப் பொறி ஈயத்தைத் துளை வழியே அமுக்கி நீண்ட கம்பியாக வெளித்தள்ளும். வார்ப்பில் நேரும் வெற்றிடம் இங்கே நசுங்கி மறையும். இரண்டாம் படியில் கம்பி சம அளவுத் துண்டுகளாக நறுக்கப்படும். மூன்றாம் படியில் ஒவ்வொரு துண்டும் எஃகு அச்சினுள் விழ, மேலிருந்து ஒரு தண்டு அதனை அமுக்கும். குளிர்ந்த ஈயமே குழைந்து அச்சின் மூலைமுடுக்குகளை நிறைக்கும். தண்டின் முனைக்கேற்ப அடியிற் குழிவும் ஏற்படும். பின்னர்க் கீழிருந்து மற்றொரு தண்டு குண்டை வெளியே தள்ளும். எடை சீர், வடிவு சீர், வேகம் மிகுதி.

காடியிடும் வழிகள்

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. புட்டுக் குழலைக் கருதுக. வெந்த புட்டைக் குச்சியால் பின்னிருந்து தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. குழலின் உட்புறம் வழவழப்பாயிருப்பதே காரணம். குழலின் உட்சுவரில் வளையம்போல் வரம்பு இருந்தால் என்னாகும்? புட்டு அதில் மாட்டிக்கொள்ளும்; தள்ளினால் சிதையும். அச்சழுத்தத்திலும் அவ்வாறே. ஒரே துண்டாய் அமைந்த அச்சினுள் காடிக்குரிய வரம்பை அமைத்தால், அழுத்திய குண்டு வரம்பில் சிக்கிக்கொள்ளும். வலிந்து தள்ளினால் காடியே அழியும். வார்ப்பில் எளிதாயிருந்த காடி, அழுத்தத்தில் அரிதாயிற்று.

இதற்கு இருவகைத் தீர்வு கண்டனர். முதலாவது, கொழுக்கட்டை அச்சின் வழி. அச்சையே இரண்டு அல்லது மூன்று பிளவாகச் செய்து, அழுத்தும்போது இறுக மூடிவைத்து, அழுத்தியபின் விலக்கிக் குண்டை எடுப்பது. காடி அச்சிலேயே அமைந்துவிடும். ஆனால் பேரழுத்தத்தில் ஈயம் பிளவின் இடுக்கில் மெல்லிய ஏடாகக் கசியும். பொருத்துவாய் தேயத் தேய அக்கசிவு மிகும். ஆகவே அச்சைக் கவ்வும் அமைப்பு மிக வலியதாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, உருட்டும் வழி. முதலில் வழவழப்பான குண்டை ஒருதுண்டு அச்சில் அழுத்தி எடுத்துவிடுவர். பின்னர் விளிம்பு உயர்ந்த எஃகுச் சக்கரத்திற்கும் எதிர்ப்புறத் தாங்கிக்கும் இடையே அதனை உருட்டுவர். உள்ளங்கைகளுக்கு இடையே மெழுகுத் திரியை உருட்டுவது போன்றது இது. சக்கரத்தின் விளிம்பு பதியுமிடமெங்கும் பள்ளம் ஓடும். இங்கே ஈயம் செதுக்கப்படுவதில்லை, ஒதுக்கப்படுகிறது. ஒதுங்கிய ஈயம் பள்ளத்தின் இருகரையிலும் சிறிது மேடிடுமாதலால், பருமனைச் சீர்செய்யும் அளவுப் படியொன்று இறுதியில் தேவைப்படலாம். சக்கரத்தின் விளிம்பில் பற்கள் இருந்தால் காடியினுள் நுண்ணிய வரிகள் விழும். மெழுகு பற்றி நிற்க அவை உதவும்.

1887இல் தோன்றி இன்றும் விளையாட்டுத் துப்பாக்கிகளில் வழங்கும் 22 எண் சிறு தோட்டாவின் ஈயக் குண்டு, கம்பியிலிருந்து அழுத்தி ஆக்கிப் பின்னர்க் காடி உருட்டும் முறைக்குத் தக்க சான்றாகும். இத்தொழில் தொழிற்சாலைக்கே உரியது என்பதையும் குறிப்பிடவேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளது.

காகிதத்தில் பூசிய கொழுப்பு

அழுத்தும் பொறிக்கு வழவழப்பான குண்டே எளிது என்பது மேலே கண்டவற்றால் விளங்கும். ஆங்கிலேயர் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்ட பிரிட்செட்டுக் குண்டு அத்தகையது. அதன் எடை சுமார் 34 கிராம். அதில் காடி கிடையாது. காடி இல்லையெனில் பசை எங்கே இருப்பது? குண்டையும் மருந்தையும் சுற்றிய காகிதத்தின் மேல், குண்டு இருக்கும் முனையில், கொழுப்பைப் பூசினர். போர்வீரன் மருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கிக் கொழுப்புப் பூசிய முனையைக் காகிதத்தோடு உள்ளே செலுத்தவேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் பர்ட்டன் என்பவர் திருத்தியமைத்து 1855இல் ஏற்கப்பெற்ற குண்டில் மூன்று காடிகள் இருந்தன. பசை காடியிலேயே தங்கிற்று. இரு நாட்டாரும் ஒரே தேவைக்கு இரு வழிகளை மேற்கொண்டனர். காடியைத் துறந்த வழி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

புதிய துப்பாக்கியைப் பயிற்றுவதற்காக டம்டம், அம்பாலா, சியால்கோட்டு ஆகிய மூன்று இடங்களில் பயிற்சிப் பாசறைகள் அமைக்கப்பட்டன. பூசிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்னும் பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்தது. இந்து வீரருக்கு ஒன்று தகாது. முசுலிம் வீரருக்கு மற்றொன்று தகாது. கொழுப்பு எவ்விலங்கினுடையதாக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தக்காரருக்கு அரசாங்கம் வரையறுத்துச் சொல்லவில்லை. ஆகவே ஐயத்தை மறுக்கும் உறுதியான சான்று அதன் கையில் இல்லை. கடிக்கும் முனை வேறு, பூசிய முனை வேறு என்று விளக்கம் கூறலாம். ஆனால் கட்டுக்கட்டாக அடுக்கி வெப்ப நாட்டில் வைத்த கொழுப்பு ஒரே முனையில் நிற்கும் என்று எவர் உறுதி கூறுவார்?

அரசாங்கம் விரைந்து மாற்றங்கள் செய்யாமலும் இல்லை. தேன்மெழுகும் எண்ணெயும் போன்ற பொருள்களை வீரர்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று அந்தச் சனவரி இறுதியிலேயே ஆணை பிறந்தது. பல்லால் கடிப்பதற்கு மாறாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையும் மாற்றப்பட்டது. ஆயினும் மாற்றமே ஐயத்தை வளர்த்தது. முன்பு தவறில்லையெனில் இப்போது மாற்றுவானேன் என்று வீரர் கேட்டனர். பிப்ரவரி 26ஆம் நாள் பெர்காம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாவை ஏற்க மறுத்தது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரத்தில் 90 குதிரை வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு: மீரத்தில் கொடுக்கப்பட்டவை கொழுப்புப் பூசிய புதிய தோட்டாக்கள் அல்ல, பழைய வகைத் தோட்டாக்களே. ஆனால் நம்பிக்கை முறிந்தபின் பழையதும் புதியதும் ஒன்றாகவே தோன்றின. மே 9ஆம் நாள் அவ்வீரர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் கிளர்ச்சி வெடித்தது.

1856இல் அயோத்தி நாடு கவரப்பட்டது, கடல் கடந்து பணியாற்றவேண்டும் என்ற புதிய சேர்ப்பு விதி முதலிய காரணங்கள் பின்னணியில் இருந்தன. தோட்டா மட்டுமே அப்பெருங் கிளர்ச்சிக்குக் காரணமென்பது குறுகிய நோக்கு. எனினும், வீரன் உடலிலும் வாயிலும் படும் பொருளை ஆள்வோர் பொருட்படுத்தாத செயல் அஃது ஒன்று மட்டுமன்று. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைவீரர் எழுந்ததற்கும் புதிய தலைப்பாகையும் அதன் தோல் அணியும் உடனடிக் காரணங்களாயின. அரை நூற்றாண்டுக்கு முன் தெற்கே கற்பிக்கப்பட்ட பாடம் வடக்கே மறக்கப்பட்டிருந்தது.

காடிக்குள் புகுந்த மெழுகு

1866இல் என்ஃபீல்டு துப்பாக்கிகளைப் பின்புறம் திறந்து தோட்டா இடும் இசுனைடர் வகையாக மாற்றத் தொடங்கினர். அதற்கு உல்விச்சைச் சேர்ந்த பாக்சர் என்னும் அதிகாரி அமைத்த தோட்டாவில் பித்தளைத் தகட்டு உறை இருந்தது. குண்டில் காடிகள் மீண்டும் இடம்பெற்றன. அவற்றில் தேன்மெழுகு நிரப்பப்பட்டு உறையினுள் மூடப்பட்டது. கடிக்க வேண்டியதில்லை, கிழிக்க வேண்டியதில்லை, கையில் பசை படுவதுமில்லை. காகிதத்தின் மேல் இருந்த பசை காடிக்குள் புகுந்து உறையால் மூடப்பெற்றபோது பழைய வினாவே எழ இடமில்லாது போயிற்று. 1869இல் புனேயை அடுத்த கிர்க்கியில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இந்திய மண்ணிலேயே தோட்டா செய்தது.

1882இல் சுவிட்சர்லாந்து நாட்டு ரூபின் என்பார் ஈயத்தின் மேல் செம்புப் போர்வை போர்த்தினார். போர்த்திய குண்டுக்குப் பசை வேண்டியதில்லை. ஆகவே படைக்கலக் குண்டில் காடியின் பழைய வேலை முடிந்தது. இன்று அத்தகைய குண்டுகளில் காணும் வளையப் பள்ளம் உறையின் வாயைக் கவ்வுவதற்கே உரியது. போர்வையற்ற ஈயக் குண்டில் மட்டும் காடி தன் பழைய தொழிலை இன்னும் செய்துவருகிறது.

வாயில் படும் பொருள்

தொழில்நுட்பம் என்பது பொறியும் உலோகமும் மட்டுமன்று; அதைக் கையாளும் மனிதனின் கையும் வாயும் மனமும் அதனுள் அடங்கும். பிரிட்செட்டுக் குண்டு அழுத்துவதற்கு எளிது; குறி தவறாதது. பொறியாளர் கணக்கில் அதற்குக் குறையில்லை. கணக்கில் விடுபட்டது, தோட்டாவைக் கடிக்கப்போகிறவன் யார் என்பதே.

வாயில் படும் பொருள் பற்றிய கவலை இன்று வேறு உருவில் திரும்பியுள்ளது. இரத்தத்தில் கலக்கும் காரீயத்திற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்குகிறது. நீர்ப்பறவைகள் ஈயமணிகளை விழுங்கி மடிவது கண்டு, இங்கிலாந்தில் 1987இல் சிறு ஈயத் தூண்டில் எடைகள் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சிதறுகுண்டு விலக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023இல் அவ்விலக்கு நடைமுறைக்கு வந்தது.

புலாய்க் கழிமுகத்தில் தூண்டில் வீசும் தந்தையோடு செல்லும் சிறுவன் ஈயமணியைப் பல்லால் கடித்து இறுக்க முற்படலாம். காரீயம், வெள்ளீயம் என்னும் சொற்களைப் பாடத்தில் விளக்கும் ஆசிரியர், அச்சிறுவனிடம் குறடு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டால், அப்பாடம் சொற்பொருளோடு நில்லாது அவன் உயிர்க்கும் உதவும்.